போய்த் தங்குவதற்கான அழைப்பு

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரியும் என்னிடம் அடுத்தது என்ன என்று கேட்காத உறவினர் இல்லை. மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். படித்து, நீண்டு அடைபட்ட பிரசவத்தால் உடலுக்குள் துளை விழும் பேறுகால ஃபிஸ்டுலா என்னும் பாதிப்புக்கான அறுவை சிகிச்சையில் தேர்ச்சி பெற்று, ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் போய், நெடுங்காலம் அங்கேயே தங்கிப் பணிசெய்ய வேண்டும் என்பதே என் விருப்பமும் என் ஜெபமும். இதைச் சொன்னவுடன் கேட்பவர்கள் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறார்கள். நோயின் பெயர் அவர்கள் கேள்விப்படாதது. போக நினைக்கும் இடமோ கேட்டவுடன் அச்சம் தருவது. ஆகவே, ஏன் இந்த நோய், ஏன் அவ்வளவு தூரம், இதில் என் விசுவாசத்துக்கு என்ன பங்கு என்பதை முழுமையாக எழுதிவைக்க நினைத்தேன்.

பிரசவ வார்டில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வேலைகளில் ஒன்று பார்ட்டோகிராஃப் நிரப்புவது. வலி தொடங்கிய பெண்ணின் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, அதன் இதயத் துடிப்பு எப்படியிருக்கிறது என்பதையெல்லாம் நேரத்துக்கு நேரம் குறித்துவரும் ஒற்றைத் தாள் அது. அதில் சாய்வாக இரண்டு கோடுகள் உண்டு: முதலாவது எச்சரிக்கைக் கோடு, நான்கு மணி நேர இடைவெளியில் அதற்கு இணையாக ஓடுவது செயற்கோடு. ஓர் இரவுப் பணியின்போது, முதல் பிரசவத்துக்கு வந்திருந்த, உயரம் குறைந்த இளம்பெண் ஒருத்தியின் தாளில் என் கையால் வைத்த புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் நகர்வதைக் கண்டேன். முதுநிலை மாணவியான அக்கா வந்து பரிசோதித்தார். தலை இறங்கவில்லை, தலையின் மேல் வீக்கம் கூடிக்கொண்டிருந்தது. அடைபட்ட பிரசவம் என்று முடிவாகி, உதவிப் பேராசிரியருக்குத் தகவல் போய், ஒப்புதல் கையெழுத்து வாங்கி, அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சிசேரியனில் பிறந்த ஆண் குழந்தை பிறந்தவுடனேயே அழுதது. வார்டில் அன்றிரவு இது யாருக்கும் ஒரு நிகழ்ச்சியாகவே தோன்றவில்லை, ஏனென்றால் இங்கே இது அன்றாட வேலை.

அந்தத் தாளின் வரலாற்றைப் பின்னர் படித்தபோதுதான் என் எண்ணம் ஒரு திசையைப் பிடித்தது. எச்சரிக்கைக் கோட்டையும் செயற்கோட்டையும் 1972இல் வடிவமைத்தவர்கள், அந்நாளில் ரொடீசியா என்றும் இன்று ஜிம்பாப்வே என்றும் அழைக்கப்படும் நாட்டில் பணிபுரிந்த ஃபில்பாட், காஸில் என்னும் மருத்துவர்கள். தொலைவிலுள்ள சிறு மருத்துவ நிலையங்களில் தனியாகப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள், எந்தத் தாயை எந்த நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்ய உதவும் பொருட்டு அந்தக் கோடுகள் வரையப்பட்டன. ஆப்பிரிக்கத் தாய்மாருக்காக உருவான ஒரு கருவி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் காப்பாற்றுகிறது; அந்தக் கோடு எங்கே பிறந்ததோ அந்தக் கண்டத்திலேயே, அதைத் தாண்டிய பிறகும் அனுப்புவதற்கு வண்டியும் சாலையும் அறுவை அரங்கும் இல்லாமல் எத்தனையோ பெண்கள் கிடக்கிறார்கள். இந்த முரணை என்னால் ஒரு பாடக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படிக் கிடப்பவளுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இடுப்பெலும்புக்குள் சிக்கிய குழந்தையின் தலை இரண்டு மூன்று நாட்கள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்போது, தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும் சிறுநீர்ப்பையின் சுவருக்கும் பிறப்புவழியின் சுவருக்கும் இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. சில நாட்களில் செத்த தசை உதிர்ந்து அங்கே ஒரு துளை விழுகிறது; இதுவே ஃபிஸ்டுலா. அதன் பிறகு சிறுநீர் இரவும் பகலும் கட்டுப்பாடின்றிக் கசிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு மலக்குடலிலும் துளை விழுகிறது. நரம்புகள் நசுங்கியதால் பாதம் தொங்கி, நடக்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. குழந்தையை இழந்த துக்கம் ஆறுவதற்குள், நாற்றம் என்று சொல்லி அவளைத் தனிக் குடிசையில் வைக்கிறார்கள்; கணவன் விலகுகிறான்; வாடை வரும் என்று அஞ்சி அவளே பேருந்தில் ஏறவும் ஆலயத்துக்கோ மசூதிக்கோ போகவும் தயங்குகிறாள். ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை புதிதாக இந்நிலைக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கேயும் ஆசியாவின் சில பகுதிகளிலும் வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதால், எங்கள் தலைமுறை மாணவர்கள் இதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்க்கிறோம். பணக்கார நாடுகளில் இது மறைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயன்று இது. அறுவை அரங்கு எட்டாத தொலைவில் இருப்பதால் மட்டுமே வருவது.

என் விருப்பத்துக்கு உருவம் கொடுத்தவர்கள் ரெஜினால்ட் ஹாம்லினும் கேத்தரின் ஹாம்லினும். மகப்பேறு மருத்துவர்களான இத்தம்பதியர், எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் மருத்துவச்சிகளுக்கான பள்ளி தொடங்க மருத்துவர் தேவை என்று 'லான்செட்' இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, மூன்றாண்டு ஒப்பந்தத்தில், ஆறு வயது மகனோடு 1959இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதற்குமுன் ஒரு ஃபிஸ்டுலா நோயாளியைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. பழைய நூல்களையும் பிற மருத்துவர்களின் குறிப்புகளையும் படித்து, அறுவை முறையைத் தாமே கற்றுத் தேர்ந்தார்கள். நோயாளிகள் பெருகவே 1974இல் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனையைத் திறந்தார்கள். பேரரசர் கவிழ்ந்து இராணுவ ஆட்சி வந்த ஆண்டும் அதுவே. வெளிநாட்டவர் பலர் கிளம்பிப்போன அந்தக் காலத்திலும் அவர்கள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ரெஜினால்ட் 1993இல் காலமானார். கேத்தரின் 2020 மார்ச்சில் தமது 96ஆம் வயதில் அடிஸ் அபாபாவிலேயே இறந்தார். மூன்றாண்டுக்கு என்று போனவர் அறுபதாண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்திருக்கிறார். அவர்கள் நிறுவிய மருத்துவமனைகளில் 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். தாம் செய்ததெல்லாம் கிறிஸ்துவின் மேலுள்ள பற்றினால் என்பதை கேத்தரின் ஒருபோதும் மறைத்ததில்லை. அதே நேரத்தில், சிகிச்சைக்கு வந்தவளிடம் அவள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாள் என்று பார்த்து எதையும் தீர்மானித்ததுமில்லை.

அங்கே குணமாகி வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புதிய உடை கொடுத்து அனுப்புவார்கள். வரும்போது நனைந்து நாறிய துணியோடு வந்தவள், போகும்போது புத்தாடையோடு ஊருக்குள் நுழைய வேண்டும் என்பதையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் கண்டார்கள். அறுவை சிகிச்சையைப் பற்றிய எத்தனையோ விவரங்களைப் படித்திருந்தும் என் மனத்தில் ஆழப் பதிந்தது இந்த உடைதான்.

அவர்களுடைய நோயாளியாக வந்தவர் மமிட்டு காஷே. எழுதப் படிக்கத் தெரியாத, மலைக்கிராமத்து இளம்பெண். நாட்கணக்கில் நீண்ட பிரசவத்தில் குழந்தையை இழந்து, துளைகளோடு வந்து சேர்ந்தார். உடல் தேறியதும் படுக்கைகளைச் சரிசெய்வதில் தொடங்கி, அரங்கில் கருவிகளை எடுத்துக்கொடுப்பதற்கு வளர்ந்து, பின்னர் தாமே அறுவை செய்யக் கற்று, வெளிநாடுகளிலிருந்து வரும் பட்டதாரி மருத்துவர்களுக்கே அம்முறையைச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். ஹாம்லின் தம்பதியர் செய்த அறுவைகள் அனைத்திலும் பெரியது மமிட்டுவின் கையில் கத்தியைக் கொடுத்ததே என்று நான் கருதுகிறேன். 2007இல் கேத்தரின் மருத்துவச்சிகளுக்கான கல்லூரியையும் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து அவர்களுடைய பகுதிகளுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. ஃபிஸ்டுலா வந்த பிறகு தைப்பதைவிட, வராமல் தடுப்பதற்கான வழி.

இந்த அறுவை முறையின் பிறப்பில் ஒரு பெரும் வேதனை இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின்மேல், மயக்கமருந்து கொடுக்காமல், மறுக்க உரிமையில்லாத நிலையில் அவர்களை வைத்து, மீண்டும் மீண்டும் அறுத்துப் பார்த்தே இதைக் கற்றார். அனார்க்கா, லூசி, பெட்ஸி ஆகிய மூவரின் பெயர்கள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்கா ஏறத்தாழ முப்பது முறை அந்த மேசையில் படுத்திருக்கிறாள். இந்தத் தொழிலைக் கற்க விரும்பும் எவரும் அந்த மூன்று பெயர்களையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நோயாளியின் சம்மதம் என்பது ஒரு படிவத்தில் வாங்கும் கைநாட்டு மட்டுமன்று என்பது அப்போதுதான் உறைக்கும்.

என் விசுவாசம் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சேகரம் என்னும் சபைப் பிரிவு ஒன்றில் வளர்ந்தவள் நான். ஆச்சி உலையில் அரிசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்; மாதக் கடைசியில் அது மிஷனெரிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். எங்கள் பக்கத்துச் சபைகள் 1903இலேயே இந்திய மிஷனெரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தம் சொந்தச் செலவில் ஊழியரை அனுப்பியவை. அதை முன்னின்று செய்த வேதநாயகம் அசரியா வெள்ளாளன்விளையில் பிறந்தவர். பிற்பாடு, 1912இல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அனுப்பப்படுவது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதன்று, அரிசிப் பானை வைத்திருக்கிற எளியவர்களும் அனுப்பலாம் என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அந்த எண்ணத்தின் பிள்ளை நான்.

மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாட்டினால், அதாவது ஓயாத உதிரப்போக்கினால், துன்புற்ற பெண்ணைப் பற்றி வருகிறது. வைத்தியர் பலரிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் தேறாமல், தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் கூட்டத்துக்குள் நுழைந்து, இயேசுவின் வஸ்திரத்தைப் பின்னாலிருந்து தொடுகிறாள். அவள் குணமானதோடு அது முடிந்திருக்கலாம். ஆனால் அவர் நின்று, திரும்பி, தொட்டது யார் என்று கேட்டு, அவளைக் கூட்டத்தின் நடுவே வரவழைத்து, மகளே என்று அழைக்கிறார். சிறுவயதிலிருந்து கேட்டுவந்த பகுதிதான். ஃபிஸ்டுலாவைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அதைப் பழையபடி வாசிக்க முடியவில்லை. கசிவை நிறுத்துவது பாதி வேலை. அவளைத் திரும்ப ஊரார் நடுவே நிறுத்தி, மகள் என்று சொல்வது மறுபாதி. என் அழைப்பு அந்த இடத்தில்தான் எனக்குக் கேட்டது.

"இங்கே இல்லாத ஏழைகளா அங்கே இருக்கிறார்கள்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி; இரவு வெகுநேரம் அதைப் பற்றிப் பேசினோம். இங்கே ஏழைகள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் மருத்துவரைக் காணாத ஊர்கள் உள்ளன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் பலர் அத்தகைய மிஷன் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்களுடைய பணியைவிட என் விருப்பம் உயர்ந்தது என்று நான் எண்ணவில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கை சொன்ன ஒரு கணக்கை அப்பாவிடம் காட்டினேன்: உலகத்தின் நோய்ச் சுமையில் 24 விழுக்காடு ஆப்பிரிக்காவின் தோளில், அதைச் சுமக்க அங்கிருந்த மருத்துவப் பணியாளர்களோ உலகிலுள்ளவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே. நான் இங்கே ஒரு மகப்பேறு மருத்துவரானால் பலரில் ஒருத்தி. நைஜர், சாட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு மாவட்டத்துக்கு நான் போகாவிட்டால், பல இடங்களில் ஃபிஸ்டுலாவோடு கிடக்கும் பெண்ணுக்கு வேறு யாருமே இல்லை.

நாம் பெற்றதும் என் நினைவில் இருக்கிறது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார். அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த பாடத்தைப் பின்னர் தமிழுக்கே மாற்றி, உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மனிதர் அவர். வேலூரில் மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கியதையும், ஒரே இரவில் திண்டிவனத்தில் பிரசவத்தில் மடிந்த மூன்று பெண்களே அவரை மருத்துவராக்கினார்கள் என்பதையும் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. அவரும் 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று கற்பிப்பதில்தான் தம் வாழ்நாளை ஊன்றினார். இவர்கள் இருவரும் நம்மிடம் வந்து, நம் மொழியைக் கற்று, நெடுநாள் தங்கி, தொழிலை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தங்கியதாலும் கொடுத்ததாலுமே அது நிலைத்தது.

ஆகவேதான் இரண்டு வாரப் பயணமாகப் போய் வருவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்புரை போன்ற சில அறுவைகளுக்கு, நல்ல ஏற்பாட்டோடு நடக்கும் குறுகிய முகாம்கள் பயன்படலாம். ஃபிஸ்டுலா அப்படிப்பட்டதன்று. முதல் முறை தைக்கும்போதுதான் வெற்றி வாய்ப்பு மிக அதிகம். அது பிசகினால் தழும்பு இறுகி, அடுத்தடுத்த முயற்சிகள் ஒவ்வொன்றும் கடினமாகிவிடும். கனிவு மட்டும் உள்ள, கை பழகாத ஒரு மருத்துவரிடம் அவள் தன் முதல் வாய்ப்பை இழந்துவிடக் கூடாது. அறுவை முடிந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை சிறுநீரை வடிப்பதற்காகச் செருகிய குழாய் அடைபடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவள் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், படுக்கை உலர்ந்தே இருக்க வேண்டும். ஓர் இரவு குழாய் அடைபட்டுச் சிறுநீர்ப்பை நிரம்பினால் தையல் பிரிந்துவிடும். அந்த இரவுகளில் கட்டிலருகே நிற்கப்போகும் செவிலியர்தான் அறுவையின் வெற்றியைத் தீர்மானிக்கிறார். அவரோடு அவருடைய மொழியில் பேச முடியாத மருத்துவரால் அங்கே என்ன செய்துவிட முடியும்?

மருத்துவத்தையும் சுவிசேஷத்தையும் பற்றிய என் நிலையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வலியில் கிடப்பவளின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவளை மதம் மாற்றப் பேசுவதை நான் பாவமாகவே கருதுகிறேன். நைஜரில் பெரும்பான்மையோர் இஸ்லாமியர். அவர்களுடைய தொழுகை நேரத்துக்கு ஏற்ப வார்டின் வேலையை அமைத்துக்கொள்வது மரியாதை. ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று ஒருத்தி கேட்டால் மறைக்காமல் சொல்வேன். கேட்காவிட்டால் கட்டுப்போடுவேன், துணி மாற்றுவேன், அவளுக்காக என் அறையில் ஜெபிப்பேன்.

அம்மாவின் பயம் வேறு விதமானது. மலேரியா வந்தால், கலவரம் வந்தால், கல்யாணம் தட்டிப்போனால் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்ததும், மனைவி ஈவ்லின் முதிய வயதுவரை மலைகளிலேயே தங்கி உழைத்ததும், மகன் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியதும் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆபத்து இல்லை என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தடுப்பு மாத்திரை சாப்பிடுவேன், கொசுவலைக்குள் படுப்பேன், தனியாகப் போகாமல் ஓர் அமைப்பின் கீழ், அங்குள்ள மூத்த மருத்துவரின் பொறுப்பில் போவேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா அன்றைக்கு எதுவும் பேசவில்லை. சில வாரங்கள் கழித்துக் குடும்ப ஜெபத்தில் நைஜரின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்.

இப்போது செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. பிரெஞ்சு கற்கத் தொடங்கியிருக்கிறேன். நைஜரிலும் சாடிலும் மருத்துவப் பதிவேடுகளும் படிப்பும் அம்மொழியில்தான். நோயாளியோடு பேச ஹௌசாவோ அரபியோ வேண்டும், அதை அங்கே போய்த்தான் கற்க முடியும். முதுநிலை நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, பிரசவங்களின் எண்ணிக்கை அதிகமுள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும். அடைபட்ட பிரசவத்தைக் கையாளும் பழக்கம் வேறெங்கும் அவ்வளவு கிடைக்காது. படிப்பு முழுவதும் முடிந்து, இங்கே கொஞ்ச காலம் பொறுப்பான இடத்தில் வேலைசெய்த பிறகே புறப்பட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அது சரியென்று எனக்கும் தோன்றுவதால் ஒப்புக்கொண்டேன். எங்கள் குருவானவர், அனுப்பும் அமைப்புகளில் பணிபுரிந்து திரும்பிய ஒரு மருத்துவத் தம்பதியரோடு என்னைப் பேசவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஃபிஸ்டுலா பல நேரங்களில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழல்களுக்கு மிக அருகில் இருக்கும் என்பதால், தைக்குமுன் அவற்றின் வாய்களைக் கண்டுபிடித்து மெல்லிய குழாய் செலுத்திப் பாதுகாக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை அருகிலிருந்து பார்க்கும் பொருட்டு, என் விடுப்பு நாட்களில் சிறுநீரகவியல் அரங்கில் நிற்க அனுமதி கேட்டிருந்தேன். துறைத் தலைவர் சம்மதித்துவிட்டார், வரும் திங்கட்கிழமை முதல் போகிறேன்.